பல் ப்ளீச்சிங்: ஒரே வாய், இரண்டு கிளினிக்குகள்

சேலத்தில் உள்ள இரண்டு தனியார் பல் மருத்துவ நிலையங்களில், நான்கு மாதங்களுக்குள், இரண்டு முறை பல்லை வெண்மையாக்கும் சிகிச்சை செய்துகொண்டேன். முதல் இடத்தில் 9,000 ரூபாயும் இரண்டாம் இடத்தில் 10,000 ரூபாயும் செலவாயின. முதல் இடத்தின் படியை இனி மிதிக்க மாட்டேன். இரண்டாம் இடத்திற்கு என் தங்கையை அனுப்பியிருக்கிறேன். இரண்டின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. முதல் இடத்தைப் போல நடக்கும் நிலையங்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன என்பதால், பெயரைத் தெரிந்துகொள்வதைவிட அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதே படிப்பவர்களுக்குப் பயன்படும்.

நான் பிறந்து வளர்ந்தது தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்திற்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமம். எங்கள் பகுதியின் கடும்பாறைகளுக்கு இடையே ஊறும் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்கு. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவும் அந்தக் கோட்டைத் தாண்டியவை. நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், அந்த நீரைக் குடித்து வளரும் பிள்ளைக்குப் பல் முளைத்து வரும்போதே சுண்ணாம்புத் திட்டுகளோடும் பழுப்புக் கோடுகளோடும் வரும். அதன் பிறகு எத்தனை நல்ல நீரைக் குடித்தாலும் அந்தக் கறை போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறக்கப்பட்டபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. ஊருக்கு நல்ல தண்ணீர் வந்தது, என் பல்லுக்கு வரவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், நான் காப்பித் தட்டை நீட்டிச் சிரித்த உடனே, "தருமபுரிப் பக்கமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். கொரோனாவுக்காக எல்லோரும் முகக்கவசம் அணிந்த காலம் பலருக்கு மூச்சு முட்டலாக இருந்திருக்கலாம். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அக்காள் மகளின் திருமணம் தை மாதத்தில் என்று முடிவானபோது, புகைப்படத்தில் ஒரு முறையாவது வாயைத் திறந்து சிரிக்க வேண்டும் என்ற ஆசையில் புரட்டாசி கடைசியில் முதல் கிளினிக்கிற்குப் போனேன். வாசலில் இருந்த விளம்பரத் தட்டியில், ஒரே அமர்வில் எட்டு ஷேடு (நிறப்படி) வெண்மை, லேசர் முறை, திருமண வீட்டாருக்குச் சலுகை என்று எழுதியிருந்தார்கள். அங்கே நான் இருந்த ஒன்றரை மணி நேரத்தில், இந்தக் கறை எதனால் வந்தது, எந்த ஊரில் வளர்ந்தீர்கள், சின்ன வயதில் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. எந்தத் தேதியில் கல்யாணம், பணம் கார்டிலா கையிலா என்ற இரண்டு கேள்விகள்தாம் கேட்டார்கள்.

கறை எதனால் வந்தது என்ற கேள்வி ஏன் முதலில் வர வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பல்லின் மேல் உறையான எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக் கூடியது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள் சாயல் கொண்டது. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிய, உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே தெரிகிறது. ஆகவே ஓரளவு மஞ்சளாக இருப்பது அழுக்கின் அடையாளம் அன்று. கறைகளில் வெளிக்கறை வேறு, உட்கறை வேறு. தேநீர், காப்பி, வெற்றிலைபாக்கு, புகையிலை, இரும்புச்சத்து டானிக், நாள்கணக்கில் கொப்பளிக்கும் குளோர்ஹெக்சிடின் மருந்துநீர் ஆகியவை விடும் கறை பல்லின் மேற்பரப்பிலும், அதன்மேல் இறுகிப் படிந்த காறையிலும் படிவது. அதை ஸ்கேலிங் என்று சொல்லப்படும் சாதாரண க்ளீனிங்கும் பாலிஷும் எடுத்துவிடும். புளோரைடு கறையும், எட்டு வயதுக்குள் டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வரும் சாம்பல் பட்டைகளும் பல்லோடு பல்லாக உருவானவை. அடிபட்டு நரம்பு செத்துப்போன ஒற்றைப் பல் கறுப்பது இன்னொரு வகை. அதற்கு எக்ஸ்ரே எடுத்து, ரூட் கேனால் செய்து, பல்லின் உள்ளே மருந்தை வைத்து வெளுக்க வைப்பதே வழி. வெளியே எத்தனை ஜெல் பூசினாலும் அந்தப் பல் மற்றவற்றோடு ஒத்துப் போகாது. நம் ஊரில் ப்ளீச்சிங் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் க்ளீனிங் மட்டுமே போதும் என்று இரண்டாம் கிளினிக்கின் மருத்துவர் சொன்னார். அவருக்கு அதனால் வருமானம் குறையும் என்பதால் நான் அதை நம்புகிறேன்.

முதல் கிளினிக்கில் எனக்கு க்ளீனிங் செய்யவில்லை. காறையின் மேலேயே ஜெல்லைப் பூசினார்கள். கன்னத்தை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை வாயில் மாட்டி, ஈறின் ஓரம் முழுவதும் நீல நிறக் குழம்பு ஒன்றைத் தடவி விளக்கொளியில் இறுக வைத்தார்கள். ஜெல் ஈறில் பட்டால் புண்ணாகும் என்பதற்காகப் போடும் காப்பு அது. எனக்கு மேல்வரிசை இடப்பக்கத்தில் அந்தக் காப்பு ஓரிடத்தில் சரியாக ஒட்டவில்லை போலும். ஜெல் பூசிய ஐந்தாவது நிமிடத்தில் அங்கே மிளகாய் பட்டதுபோல எரியத் தொடங்கியது. வாயில் வளையம் இருப்பதால் பேச முடியாது, கையை உயர்த்தினேன். "அப்படித்தான் இருக்கும் மேடம், மருந்து வேலை செய்கிறது" என்ற பதில் வந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது அந்த இடத்தில் ஈறு, நகக்கண் அளவுக்கு, தேங்காய்ப்பால் ஆடைபோல வெளுத்திருந்தது. அது ஓரிரு நாளில் தானாக ஆறிவிடும் என்பதும் ஆறிவிட்டது என்பதும் உண்மையே. ஆனால் எரிகிறது என்று நோயாளி சொன்னால் ஜெல்லை உடனே துடைத்துவிட்டுக் காப்பைச் சரிசெய்ய வேண்டும் என்பதை எந்தப் பல் மருத்துவரும் அறிவார். என் வாயில் கை வைத்தவர் பல் மருத்துவர்தானா என்பதை நான் கேட்டுக்கொள்ளாதது என் தவறு. சுவரில் பதிவுச் சான்று எதுவும் இருந்ததாக நினைவில்லை.

கிளினிக்கில் பூசப்படும் ஜெல் பெரும்பாலும் 25 முதல் 40 விழுக்காடு வரை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டது. அது எனாமலுக்குள் ஊடுருவி, டென்டினில் நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைத்து நிறம் குறைந்தவையாக மாற்றுகிறது. பல்லைச் சுரண்டுவதோ, மேலே வெள்ளை பூசுவதோ அன்று. ஊடுருவல் வேகமானது என்பதால் கால் மணி நேரத்திற்குள் பெராக்சைடு பல்லின் நரம்பு இருக்கும் உட்குழி வரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. கூச்சம் வருவது அதனால்தான். என் வாய்க்கு எதிரே நிறுத்தப்பட்ட நீல விளக்கைத்தான் லேசர் என்று தட்டியில் எழுதியிருந்தார்கள். அது சாதாரண எல்.இ.டி. விளக்கு. விளக்கொளியினால் ஜெல்லின் பலன் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதாக ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. வெளுக்க வைப்பது ஜெல்தான். விளக்கு வெளிச்சம் போடுகிறது, கூடவே பில்லையும் ஏற்றுகிறது.

எட்டு ஷேடு என்ற வாக்குறுதியின் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். பல் மருத்துவர்கள் கையில் வீட்டா ஷேடு கைடு என்ற ஒன்று இருக்கும்: சீப்பின் பற்களைப்போல, 16 பொய்ப்பற்கள் வரிசையாகச் செருகிய ஒரு பட்டை. நிற வகையைக் குறிக்கும் ஏ, பி, சி, டி என்ற எழுத்தும் ஓர் எண்ணும் ஒவ்வொன்றிலும் இருக்கும். அவற்றை வெளிச்சம் மிக்கதிலிருந்து குறைந்ததற்கு அடுக்கினால் பி1 முதலிலும் சி4 கடைசியிலும் வரும். எனக்குத் தொடக்கத்தில் ஏ3.5, அந்த வரிசையில் பன்னிரண்டாவது. ஜெல்லைக் கழுவிய உடனே எடுத்த அளவு ஏ2, வரிசையில் ஐந்தாவது. ஏழு படி ஏறிவிட்டதாக எனக்குப் புகைப்படம் எடுத்துக் காட்டினார்கள். எட்டுக்கு ஒன்று குறைந்ததற்கு ஒரு பற்பசை இலவசமாகத் தந்தார்கள். ஆனால் வாயை ஒரு மணி நேரம் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்துபோகும். உலர்ந்த பல், ஈரத்தில் ஊறிய பல்லைவிட எப்போதும் வெண்மையாகத் தெரியும். எச்சில் மீண்டும் ஊறி, நிறம் நிலைகொள்ள ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். இரண்டு வாரம் கழித்து இரண்டாம் கிளினிக்கில் அதே வகைப் பட்டையை வைத்துப் பார்த்தபோது என் பல் ஏ3-இல், ஒன்பதாவது இடத்தில், இருந்தது. ஏழு படி மூன்று படியாகச் சுருங்கியிருந்தது. நாற்காலியை விட்டு எழும்போது எடுக்கும் புகைப்படத்தை வைத்து எந்தக் கிளினிக்கையும் எடை போடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அன்று இரவைப் பற்றியும் எழுதுகிறேன், ஏனெனில் விளம்பரத் தட்டியில் அது இராது. இரவு ஒன்பது மணிக்கு மேல்வரிசை முன்பல் ஒன்றில் சுரீர் என்று மின்சாரம் பாய்ந்தது, அரை நொடிதான். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்துப் பல்லில் வந்தது. எப்போது வரும், எந்தப் பல்லில் வரும் என்று தெரியாததுதான் அதன் கொடுமை. மின்விசிறிக் காற்று வாயில் பட்டாலே வலித்ததால், விசிறியை நிறுத்திவிட்டு, முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்கப் படுத்திருந்தேன். இத்தனை ஆண்டுகள் சிரிக்கக் கூசியவளுக்கு, அன்று மூச்சு விடவே கூசியது. இரண்டாம் நாள் மாலையோடு அது நின்றுவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாள் இரண்டு நாளில் நின்றுவிடும் என்றும், முன்கூட்டியே பல் கூச்சம் உள்ளவர்களுக்கும், ஈறு இறங்கி வேர் வெளியே தெரிபவர்களுக்கும், சொத்தையும் விரிசலும் அடைக்கப்படாமல் இருப்பவர்களுக்கும் கடுமையாக வரும் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்டவர்கள் அவற்றை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். இரண்டு வாரம் முன்பிருந்தே பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்சப் பற்பசையால் துலக்கி வந்தால் பெருமளவு குறையும். இதில் ஒரு வார்த்தைகூட எனக்கு முன்னால் சொல்லப்படவில்லை.

கூச்சத்தைவிடப் பெரிய அதிர்ச்சி மறுநாள் காலையில் கண்ணாடியில் காத்திருந்தது. பழுப்புக் கோடுகள் மங்கியிருந்தன. ஆனால் அதுவரை கண்ணில் படாத சுண்ணாம்புத் திட்டுகள், புதிதாக யாரோ வெள்ளையடித்துத் தெறித்ததுபோலப் பளிச்சென்று எழுந்து நின்றன. புளோரைடு கறை உள்ள பல்லை ப்ளீச் செய்தால் பழுப்பு குறையும், வெள்ளைத் திட்டு போகாது. உலர்ந்திருக்கும் முதல் சில நாட்கள் அது இன்னும் எடுப்பாகவே தெரியும். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் பக்கத்திலேயே இருக்கும் சேலத்தில் கிளினிக் நடத்துகிறவர்கள் வாரத்தில் இரண்டு பேரையாவது இந்தப் பல்லோடு பார்ப்பார்கள். தெரியாமல் செய்தார்கள் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, இன்னோர் அமர்வு செய்துகொண்டால் சரியாகிவிடும், பாதி விலைக்குச் செய்து தருகிறோம் என்றார்கள்.

இரண்டாம் கிளினிக் ஒரு பழைய வீட்டின் மாடியில், தட்டியும் விளக்கும் இல்லாமல் இருந்தது. மருத்துவர் ஐம்பது வயதை நெருங்கும் பெண்மணி. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயதில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் அம்மா?" என்பது. உதட்டுச்சாயத்தைத் துடைக்கச் சொல்லி, மேலிருந்த விளக்கை அணைத்து, ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பி, பகல் வெளிச்சத்தில் ஷேடு பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். ஒரு மாதம் பல்லை எதுவும் செய்யக் கூடாது, கூச்சப் பற்பசை மட்டும் போதும் என்று சொல்லி, 300 ரூபாய் ஆலோசனைக் கட்டணத்தோடு அனுப்பிவிட்டார். மறுபடியும் நான் வருவேனா என்ற கவலை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கார்த்திகையில் க்ளீனிங் செய்தார். அதற்கு 1,200 ரூபாய். பின்பு, திட்டு அதிகமாக இருந்த இரண்டு முன்பற்களில் மட்டும் மைக்ரோஅப்ரேஷன் செய்தார். குறைந்த அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய சிலிக்கன் கார்பைடு பொடியும் கலந்த பசையை, சுழலும் ரப்பர்க் குமிழால் பல்லின் மேல் தேய்த்து, மேற்பரப்பின் மிக மெல்லிய ஏட்டை மட்டும் எடுப்பது இந்த முறை. எடுத்த எனாமல் திரும்ப வளராது. ஆகையால் அளவு தெரிந்த கை வேண்டும். இரண்டு பற்களுக்கும் சேர்த்து 2,000 ரூபாய். திட்டு ஆழமாக இருந்தால் பிசின் போன்ற திரவத்தை உள்ளே ஊற வைக்கும் ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் என்ற முறை உண்டு என்றும், எனக்கு அது தேவைப்படாது என்றும் சொன்னார். விலை கூடிய சிகிச்சையைத் தேவையில்லை என்று ஒரு மருத்துவர் தாமாகச் சொன்னதை என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன்.

அதன் பிறகு ட்ரே. இளஞ்சிவப்புப் பசையில் பல் அச்சு எடுத்து, அதைக்கொண்டு மாவுக்கல் வார்ப்பு செய்து, அதன்மேல் மெல்லிய ஒளி ஊடுருவும் தகட்டைச் சூடாக்கி உறிஞ்ச வைத்து, என் வாய்க்கென்றே இரண்டு உறைகள் தயாரித்தார்கள். ஒவ்வொரு பல்லின் முன்பக்கக் குழியிலும் உளுத்தம்பருப்பு அளவுக்கு ஜெல் வைத்து, மாட்டிக்கொண்டு, ஈறுக்கு வழிந்ததை விரலால் துடைத்துவிட்டுத் தூங்க வேண்டும். ஜெல் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு. அது உடைந்து தருவது ஏறக்குறைய மூன்றரை விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடுதான், முதல் கிளினிக்கின் ஜெல்லில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. ட்ரேயும் ஜெல்லும் சேர்த்து 6,500 ரூபாய். இந்த முறை தற்செயலாகக் கிடைத்தது என்பது சுவையான செய்தி. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பில் கிளஸ்மையர் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், 1960-களின் இறுதியில், ஈறுப்புண் ஆறுவதற்காக ஒரு நோயாளிக்கு இதே கார்பமைடு பெராக்சைடு மருந்தை இரவில் உறைக்குள் ஊற்றிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்; ஈறு ஆறியதோடு பல்லும் வெளுத்திருப்பதைக் கண்டார். ஹேவுட், ஹேமன் என்ற இருவர் 1989-இல் இதை முறையாக ஆய்விதழில் எழுதிய பிறகே உலகெங்கும் பரவியது.

முதல் மூன்று இரவுகள் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, தலையணை நனைந்தது. நான்காம் நாள் லேசாகக் கூசியதைச் சொன்னபோது, ஒரு இரவு விட்டு ஒரு இரவு போடச் சொன்னார். இடைப்பட்ட இரவில் அதே ட்ரேயில் கூச்சப் பற்பசையை அரை மணி நேரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். நாமே நிறுத்தலாம், குறைக்கலாம் என்ற இந்த வசதிதான் வீட்டு முறையின் பெரிய பலம் என்பது என் கருத்து. காலையில் ட்ரேயைத் தண்ணீரில் கழுவி டப்பாவில் வைக்க வேண்டும். பால்காரர் வந்த அவசரத்தில் ஒரு நாள் அதை வெந்நீரில் போட்டுவிட்டேன். கீழ் ட்ரேயின் ஒரு மூலை சுருண்டுபோய், புதிதாக ஒன்று செய்ய வேண்டியதாயிற்று. அதற்கு அவர் பணம் வாங்கவில்லை. மொத்தம் 21 இரவுகள் ஜெல் வைத்தேன். முடித்து இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது ஏ2: முதல் கிளினிக் புகைப்படத்தில் காட்டிய அதே நிறம், ஆனால் இந்த முறை ஈரப் பல்லில். மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருக்கிறது. சாதாரண மஞ்சளுக்கு இரண்டு மூன்று வாரம் போதும். டெட்ராசைக்ளின் கறைக்கு மாதக்கணக்கில் போட வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர்.

முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய குறைகளும் அங்கே உண்டு. மாலை ஆறு மணி என்று நேரம் கொடுத்தால் ஏழரைக்குத்தான் கூப்பிடுவார்கள். மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. ஜெல்லைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதை உதவியாளர் பெண் எனக்குச் சொல்ல மறந்து, இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் சொன்னார்.

சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு கிளினிக்குகளும் வேறுபட்டன. முதல் இடத்தில், இரண்டு வாரம் மஞ்சள், சாம்பார், காப்பி, பீட்ரூட் எதுவும் தொடக் கூடாது என்று ஒரு தாளில் அச்சிட்டுத் தந்தார்கள். தயிர்ச்சோறும் இட்லியும் மட்டும் தின்று நான் வாடியது அவர்களுக்குத் தெரியாது. அப்படி முழுப் பத்தியம் இருந்தால்தான் பல் வெளுக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. இரண்டாம் மருத்துவர், காப்பியை ஆறவிட்டுக் குடியுங்கள், குடித்தபின் வாய் கொப்பளியுங்கள், புளிப்பானதைத் தின்ற உடனே துலக்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நான்கு மாதத்தில் எனக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும், சமையல் சோடா, உமிக்கரி, கருப்புக் கரிப் பற்பசை என்று ஆலோசனை சொல்லாத உறவினர் இல்லை. எலுமிச்சை அமிலம் எனாமலைக் கரைக்கும். அப்படிக் கரைந்து மென்மையான மேற்பரப்பை உப்பால் தேய்த்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கரிப் பற்பசைகள் வெளிக்கறையைச் சுரண்டி எடுக்கலாம்; உட்கறையைத் தொடாது. அவை பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2017-இல் வந்த மதிப்பாய்வு கூறியது. என் பாட்டி ஆயுள் முழுதும் உமிக்கரியால்தான் துலக்கினார். எழுபது வயதில் அவருடைய முன்பற்கள் வெள்ளையாக இல்லை, பாதியாகத் தேய்ந்து மஞ்சளாக இருந்தன. பாட்டி மேல் உள்ள பாசம் வேறு, அவருடைய எனாமல் வேறு.

அழகு நிலையங்களிலும் இப்போது பல் வெளுப்பு செய்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 அக்டோபர் இறுதியிலிருந்து, 0.1 விழுக்காட்டுக்கு மேல் 6 விழுக்காடு வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வெளுப்புப் பொருள்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும், ஒவ்வொரு சுற்றின் முதல் பயன்பாடும் அவர்களாலோ அவர்களுடைய நேரடி மேற்பார்வையிலோ நடக்க வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. பல் மருத்துவர் அல்லாதவர் இதைச் செய்வது குற்றம் என்று இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வதைச் சட்டம் தடுக்கிறது. தமிழ்நாட்டில் பதிவு மாநிலப் பல் மருத்துவக் குழுவிடம். பதிவு எண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் மருத்துவரை நான் இதுவரை பார்த்ததில்லை. மருத்துவர் அல்லாதவர்தாம் முகம் சுளிப்பார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் இதைத் தள்ளிப்போடுவதே நல்லது. செலவு கட்டுப்படியாகாதவர்கள், கறை எந்த வகை என்று தெரிந்துகொள்ளவாவது, சென்னையில் கோட்டை ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போகலாம்.

கடைசியாக என் கேப்பைப் பற்றி. மேல்வரிசை இடப்பக்கத்தில், கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் ரூட் கேனால் செய்து செராமிக் கேப் போட்டிருக்கிறேன். அன்றைய பல் நிறத்திற்குப் பொருந்த, ஏ3.5-இல் செய்தது. பெராக்சைடு பல்லை மட்டுமே வெளுக்கும். கேப், வெனியர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு), பல் நிற அடைப்பு எதையும் அது தொடாது. முதல் கிளினிக் இதைச் சொல்லவில்லை. இரண்டாம் மருத்துவர் ட்ரேக்கு அச்சு எடுப்பதற்கு முன்பே, "நீங்கள் வாய் நிறையச் சிரித்தால் அந்த ஒன்று மட்டும் தனியாகத் தெரியும், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று சொல்லி, என்னிடம் ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்தும் வாங்கினார். மாற்றுவதாக இருந்தால் ப்ளீச்சிங் முடிந்து இரண்டு வாரமாவது கழித்து, நிறம் நிலைத்த பிறகே அளவெடுக்க வேண்டும். அடைப்பை மாற்றுவதற்கும் அதே கணக்கு, ஏனென்றால் பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பிசின் ஒட்டுவதைக் கெடுக்கும். திருமணப் புகைப்படங்கள் வந்திருக்கின்றன. ஏழு படங்களில் வாயைத் திறந்து சிரித்திருக்கிறேன். மூன்றில் கேப் தெரிகிறது. புதிய கேப்புக்கு 7,000 ரூபாய் ஆகும் என்றார்கள். தங்கை தன் ட்ரேயை வாங்கப் போகும்போது நானும் கூடப் போய், பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றிருக்கிறேன்.